டென்னசியும் பட்டிப்பளை ஆறும்: அணை கட்டியது யார், பட்டியல் எழுதியது யார்?

அமெரிக்க வரலாறு எண்டு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? லிங்கன், அடிமை முறை, மார்ட்டின் லூதர் கிங், வியட்நாம், இரட்டைக் கோபுரம். எல்லாம் தூரத்துச் சங்கதிகள். ஆனால் மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையில் போக்குவரத்து அறுந்துபோவதற்கும் அமெரிக்க வரலாற்றுக்கும் ஒரு தொடுப்பு இருக்கு எண்டு சொன்னால் நம்புவீங்களா?

அந்த நாட்களில் "சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகள் திறப்பு" என்று ஒரு செய்தி வரும். தாழ்நிலத்து ஆட்கள் கவனமாக இருங்கள் என்று அறிவிப்பார்கள். அந்தச் சமுத்திரத்தின் அணையைக் கட்டியது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பொய்சி என்ற ஊரில் இருந்த ஒரு கம்பனி. அந்தத் திட்டத்தை நடத்த உருவாக்கிய சபைக்கு முன்மாதிரி, அமெரிக்காவின் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1933 இல் தொடங்கிய ஓர் அரச நிறுவனம். கல்லோயா எண்டா நமக்குக் குடியேற்றம், கலவரம், தனி மாவட்டம். இந்த மூன்றும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த யோசனை எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எது உதிர்ந்தது, இங்கே எது சேர்ந்தது என்பதைப் பற்றி நாம் பெரிதாகப் பேசுவதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

டென்னசியில் என்ன நடந்தது?

1929 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. 1933 ஆகும்போது அந்நாட்டின் தொழிலாளரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு ஜனாதிபதியாகப் பதவியேற்ற பிராங்ளின் ரூஸ்வெல்ட், அரசே நேரடியாக இறங்கி வேலையும் நிவாரணமும் தரும் பல திட்டங்களைத் தொடங்கினார். அவற்றை மொத்தமாக 'நியூ டீல்' என்று சொல்வார்கள். அதில் ஒன்றுதான் டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபை, சுருக்கமாக டி.வி.ஏ. 1933 மே 18 அன்று ரூஸ்வெல்ட் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார்.

டென்னசி ஆற்றுப் படுகை ஏழு மாநிலங்களைத் தொடுகிறது. அந்தக் காலத்தில் அது அமெரிக்காவின் வறிய பகுதிகளில் ஒன்று. அடிக்கடி வெள்ளம், அரித்துப்போன மண், மலேரியா. அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் அப்போது மின்சாரம் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அதுவும் இல்லை. டி.வி.ஏ.யின் யோசனை இதுதான்: ஓர் ஆற்றை முழுதாக ஒரே நிறுவனத்தின் கையில் கொடுப்பது. அணை, மின்சாரம், வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, காடு, விவசாயம் எல்லாம் ஒரே சபைக்குக் கீழே. மாநில எல்லை குறுக்கே வராது. ஒரு திணைக்களத்திலிருந்து இன்னொரு திணைக்களத்துக்குக் கோப்பு அலையாது.

அது வேலை செய்தது. மின்சாரம் வந்தது, மலேரியா குறைந்தது, வெள்ளம் கட்டுக்குள் வந்தது. சபையின் தலைவராக இருந்த டேவிட் லிலியந்தால் 1944 இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். டி.வி.ஏ. என்பது வெறும் அணைகள் அல்ல, அடிமட்ட மக்கள் பங்குபற்றும் ஜனநாயகம் என்பது அவருடைய வாதம். அந்தப் புத்தகம் உலகமெங்கும் போனது.

ஆனால் அந்த 'மக்கள்' யார்?

விடுபட்டவர்கள்

டி.வி.ஏ. கட்டிய முதல் பெரிய அணை நோரிஸ். அதற்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் எழும்ப வேண்டியிருந்தது. காணிச் சொந்தக்காரருக்கு நட்டஈடு கிடைத்தது. மற்றவரின் காணியில் குத்தகைக்கும் வாரத்துக்கும் விதைத்தவர்களுக்குக் காணி இல்லாததால், காணிக்கான நட்டஈடும் இல்லை. நம்ம பாசையில் சொன்னால், போடியாருக்குக் காசு வந்தது, முல்லைக்காரனுக்கு ஒண்டுமில்லை.

அணைக்குப் பக்கத்தில் நோரிஸ் என்ற பேரிலேயே ஒரு மாதிரி நகரமும் கட்டினார்கள். மின்சார வசதியோடு அழகான வீடுகள். அதில் கறுப்பின மக்கள் குடியிருக்க முடியாது. பொதுப் பணத்தில், கூட்டாட்சி அரசு கட்டிய நகரம் இது என்பதைக் கவனியுங்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் சார்பில் சார்ள்ஸ் ஹூஸ்டன், ஜோன் டேவிஸ் இருவரும் அங்கே போய் விசாரித்து, 1934 இல் அதன் சஞ்சிகையில் எழுதினார்கள். வெள்ளையருக்கு மட்டுமான புனரமைப்பு இது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். கறுப்பின மக்களுக்கும் வேலை கொடுத்தார்கள், பெரும்பாலும் அடிமட்டக் கூலி வேலை.

1949 இல் பிலிப் செல்ஸ்னிக் என்ற சமூகவியலாளர் இன்னொரு விசயத்தைக் காட்டினார். டி.வி.ஏ. அடிமட்ட மக்கள் என்று சொன்ன இடத்திலெல்லாம் நடைமுறையில் இருந்தது உள்ளூரின் வசதியான விவசாயிகளும் அவர்களுடைய சங்கங்களும்தான். மக்களின் பங்கேற்பு என்ற பேரில், ஏற்கெனவே பலம் உள்ளவர்களின் கை இன்னும் பலமானது.

அதே 1949 இல்தான் இங்கே கல்லோயா அபிவிருத்திச் சபைக்கான சட்டம் வந்தது. அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் டி.வி.ஏ.யின் குறையை அச்சில் போட்ட அதே ஆண்டு, கொழும்பு அதன் வடிவத்தை இறக்குமதி செய்தது.

யோசனை கப்பல் ஏறுகிறது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.வி.ஏ. அமெரிக்காவின் அடையாளச் சின்னம் ஆகிவிட்டது. 1949 ஜனவரி 20 அன்று ஜனாதிபதி ட்ரூமன், வறிய நாடுகளுக்கு அமெரிக்கா தொழில்நுட்ப உதவி செய்யும் என்று அறிவித்தார். கம்யூனிசத்துக்குப் போட்டியாக அமெரிக்கா காட்டக்கூடிய நல்ல முகம் இது. இந்தியாவில் 1948 இலேயே தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் டி.வி.ஏ. மாதிரியில் வந்துவிட்டது. 1965 இல் வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜோன்சன், மீகொங் ஆற்றில் டி.வி.ஏ.யை விடப் பெரிதாக ஒன்று செய்யலாம் என்று பேசினார்.

இலங்கைக்கு வந்த கம்பனியின் பேர் மொரிசன் நூட்சன். 1930களில் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிக் கூட்டில் இதுவும் ஒன்று. 1946 இலிருந்து ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் பள்ளத்தாக்கிலும் வேலை செய்தது. இங்கே அது வந்தது ஒப்பந்தக்காரராக. சொன்ன இடத்தில் அணையைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அதன் வேலை.

அணை எழும்பிய இடம் இங்கினியாகலை. ஆறு, சிங்களத்தில் கல்ஓயா, தமிழில் பட்டிப்பளை ஆறு. (இது கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பட்டிப்பளை இல்லை, அம்பாறைப் பக்கமாக ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலில் விழும் ஆறு.) அப்போது அம்பாறை என்று ஒரு மாவட்டம் கிடையாது. அந்தப் பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. 1949 இல் தொடங்கிய அணை வேலை 1951 இல் முடிந்தது. தண்ணீர் கொள்ளளவு ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி, அதாவது 770,000 ஏக்கர் நிலத்தை ஓரடி உயரத்துக்கு மூடும் அளவு. 1952 இல் காலமான முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் பேர் அந்த நீர்த்தேக்கத்துக்கு நிலைத்தது. இடதுகரை வாய்க்கால் அங்கிருந்து உகனைப் பக்கமாக வடக்கே வந்து, மண்டூர், மத்திய முகாம் பக்கம் வரைக்கும் கிளை விடுகிறது. மட்டக்களப்பு வாவியின் தென்கோடி அங்கேதான்.

"ஆளில்லாக் காடு"

வறண்ட வலயத்தில் குளம் கட்டி விவசாயிகளைக் குடியேற்றுவது டி.எஸ். சேனாநாயக்க 1930களில் காணி, விவசாய அமைச்சராக இருந்த காலத்திலிருந்தே செய்துவந்த வேலை. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதற்கு அடித்தளம். பழைய ராஜரட்டைக் குளங்களின் காலத்தை மீட்டெடுக்கிறோம் என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வந்தது. மலேரியா பெரிய தடையாக இருந்தது. 1940களின் நடுவில் டி.டி.ரி. மருந்து அந்தத் தடையைக் குறைத்தது. பிறகு டி.வி.ஏ. வடிவமும் அமெரிக்க இயந்திரமும் சேர்ந்தன.

இந்தப் பேச்சுக்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது: ஆளில்லாக் காடு. அமெரிக்காவும் இதே சொல்லை வைத்துத்தான் மேற்கே போனது. 1862 இன் ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் இலவசமாகத் தந்தது. வறிய வெள்ளைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது வாழ்வு கொடுத்தது, அது பொய்யில்லை. ஆனால் அந்த 160 ஏக்கர் ஏற்கெனவே செவ்விந்தியக் குடிகளின் நிலம். கல்லோயா அணை வேலை தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன், 1948 மே மாதத்தில், வடக்கு டகோட்டாவின் கரிசன் அணைக்காகத் தங்கள் ஆற்றோர நிலத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரம் வாஷிங்டனில் கையெழுத்தானது. அப்போது அங்கு நின்ற பழங்குடித் தலைவர் ஜோர்ஜ் ஜில்லட் முகத்தை மூடி அழுதார். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

இங்கினியாகலைக்கு மேலே இருந்த காட்டிலும் ஆள் இருந்தார்கள். வேட்டையாடியும் தேன் எடுத்தும் சேனை வெட்டியும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள். அவர்களுடைய வேட்டைக்காட்டின் ஒரு பகுதி தண்ணிக்குக் கீழே போனது. மிச்சத்தில் ஒரு பகுதியை 1954 இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். அவர்கள் அழுததற்குப் புகைப்படம் இல்லை.

ஆற்றின் கீழ்ப்பக்கமும் வெறுமையாக இருக்கவில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து முஸ்லிம்களும் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே வட்டைகளில் விதைத்தவர்கள். வேவகம்பற்றில் பழைய சிங்களக் கிராமங்கள் இருந்தன. 1850களில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்திலேயே மட்டக்களப்புப் பக்கத்து நீர்ப்பாசனத்தில் அரசு காசு போட்டது.

நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்று: புதிய அணையால் இந்தப் பழைய வயல்களுக்கும் நன்மை வந்தது. வெள்ளம் குறைந்தது, சிறுபோகத்துக்கும் தண்ணி வந்தது. இன்னொன்று: குடியேற வந்தவர்களும் பணக்காரர் இல்லை. கண்டி, கேகாலைப் பக்கத்தில் காணியில்லாமல் கஷ்டப்பட்ட சனம்தான். அவர்களைக் கெட்டவர்களாக்கினால் இந்தக் கதை நமக்கு விளங்காது.

கேள்வி அணையைப் பற்றியது இல்லை. பட்டியலைப் பற்றியது. யாருக்குக் காணி, எந்தக் கொலனியில், வாய்க்காலின் எந்தப் பக்கத்தில்? 4ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்று இன்றும் நாம் ஊர்களை இலக்கத்தில் கூப்பிடுகிறோமே, அந்த இலக்கங்கள் ஓர் அலுவலகத்தில் போட்டவை. மட்டக்களப்பு மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் சிலருக்கும் காணி கிடைத்தது. ஆனால் வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை வெளி மாவட்டத்துச் சிங்களக் குடும்பங்கள். இடதுகரையில் வாய்க்காலின் தலைப்பக்கம் சிங்களக் கொலனிகள், கடைப்பக்கம் தமிழர்கள் என்று ஒரு வடிவம் உருவானது. வயல் செய்யிற ஆருக்கும் இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு தெரியும். தண்ணி குறைஞ்ச போகத்தில் தலைப்பக்கத்தான் வக்கடையை அடைக்காட்டி, கடைப்பக்கத்தானுக்குச் சேறும் இல்லை.

இந்தப் பட்டியலை ஐடஹோக் கம்பனி எழுதவில்லை. கொழும்புதான் எழுதியது.

1956

1956 ஜூன் 5 அன்று சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் தாக்கியது. வன்முறை கொழும்பிலிருந்து சில நாட்களில் கல்லோயாவுக்கு வந்தது. வதந்திகள் பரவின. அரச வாகனங்களே கும்பல்களின் கைக்குப் போயின. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல் என்று கணிக்கிறார்கள், பெரும்பாலும் தமிழர்கள். சுதந்திர இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த முதல் பெரிய இனக் கொலை இது.

ஏன் கல்லோயா? மொழிச் சட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் என்ன சம்பந்தம்? வெவ்வேறு இடத்துச் சனத்தைப் புதிதாக ஒரு நிலத்தில் இருத்தி, யாருக்கு என்ன உரிமை என்பதை அரசின் தயவில் தொங்கவிட்டால், அரசு யாருடையது என்ற கேள்விதான் அங்கே வாழ்வுக்கும் சாவுக்குமான கேள்வி ஆகும். மொழிச் சட்டம் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் சொன்னது. அந்தப் பதிலைக் கும்பல்கள் கல்லோயாவில் கத்தியோடு திருப்பிச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு காணி தமிழ் அரசியலின் நடுவுக்கு வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் திருகோணமலை மாநாட்டில் தமிழரசுக் கட்சி வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று, தமிழ் பேசும் பகுதிகளில் அரச குடியேற்றத்தை நிறுத்துவது. 1957 இன் பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம், காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்குக் கொடுக்கச் சம்மதித்தது. 1958 இல் அது கிழிந்தது. 1965 இன் டட்லி செல்வநாயகம் ஒப்பந்தம், வடக்குக் கிழக்குக் குடியேற்றங்களில் முதல் உரிமை அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவருக்கு என்றது. அதுவும் நடக்கவில்லை. இரண்டு ஒப்பந்தங்களும் கேட்டது ஒன்றைத்தான்: பட்டியலை எழுதும் பேனாவில் உள்ளூருக்கும் ஒரு கை. டி.வி.ஏ. புத்தகத்தில் அழகாகச் சொன்ன அடிமட்ட ஜனநாயகம் அதுதானே?

இதற்கிடையில் பட்டியல் வாக்காக மாறியது. 1946 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் சிங்களவர் ஏறத்தாழ 6 வீதம். 1960 மார்ச் தேர்தலில் அம்பாறை தனித் தொகுதியாக வந்தது. 1961 இல் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. கல்லோயாச் சபையின் தளமாக வளர்ந்த அம்பாறை நகரமே தலைநகர். 1981 இல் அந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 வீதம், சிங்களவர் 38 வீதம், தமிழர் 20 வீதம். கரையோரத்துத் தமிழனும் முஸ்லிமும் கச்சேரி அலுவலுக்கு அம்பாறைக்கு ஏறவேண்டியிருந்தது.

காசுக் கணக்கும் சரியாக வரவில்லை. பி.எச். பார்மர் என்ற புவியியலாளர் தலைமையிலான குழு திட்டத்தை மதிப்பிட்டு, செலவு பயனை விடக் கூட என்று 1970 இல் அறிக்கை கொடுத்தது.

மறுகா அமெரிக்கா திரும்பி வந்தது

முப்பது வருசத்துக்குப் பிறகு அமெரிக்கா கல்லோயாவுக்கு இன்னொரு முகத்தோடு வந்தது. இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, கடைப்பக்கத்துக்குத் தண்ணி போகாமல் கிடந்தது. 1979 இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எயிட் புனரமைப்புக்குக் காசு கொடுத்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹோவ் போன்றவர்களும் கொழும்பின் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். 1981 இல் படித்த இளைஞர் யுவதிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களில் குடியிருக்க அனுப்பினார்கள். அவர்கள் திட்டம் கொண்டு போகவில்லை. வீடு வீடாகப் போய்க் கதை கேட்டார்கள். ஒரு சிறு வாய்க்காலில் தண்ணி எடுக்கும் பத்துப் பதினைந்து பேரை இருத்திப் பேச வைத்தார்கள்.

அந்தப் போகத்தில் நீர்த்தேக்கத்தில் நாலில் ஒரு பங்குதான் தண்ணி. சண்டை வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாங்களே வாய்க்கால் துப்புரவு செய்து, முறை வைத்துத் தண்ணி எடுத்து, மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். தலைப்பக்கத்துச் சிங்களவர் மிச்சம் பிடித்தது கடைப்பக்கத்துத் தமிழருக்கும் போனது.

1983, 1985, 1990 என்று நமக்குத் தெரிந்த ஆண்டுகள் அதற்குப் பிறகு வந்தன. ஆனாலும் 1997 இல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, இன்னொரு சிறுபோகம் வந்தது. இடதுகரையின் 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கருக்குத்தான் தண்ணி காணும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். விவசாயிகள் அமைப்புகள், எல்லாரும் விதைக்கிறோம், இருப்பதைப் பங்கிடுகிறோம் என்று நின்றார்கள். 65,000 ஏக்கரும் விதைத்து, வழமையை விட நல்ல விளைச்சல் எடுத்தார்கள். அப்ஹோவும் விஜயரத்னவும் 2000 இல் இதை எழுதிப் பதிந்தார்கள்.

இதை நாம் இனிப்பாக்கத் தேவையில்லை. தண்ணி பங்கிட்டதால் காணிப் பட்டியல் மாறவில்லை. பக்கத்து வயல்காரனின் நல்ல மனசு, சட்டம் தரவேண்டிய உரிமைக்கு ஈடாகாது. அவன் மனசு மாறினால், அல்லது அவனை மாற்ற ஒரு கும்பல் வந்தால், கடைப்பக்கத்தான் மறுபடி வெறுங்கையோடு நிற்பான். ஆனால் ஒன்றை இது உடைக்கிறது. கல்லோயாவில் சிங்களவரும் தமிழரும் முட்டிக்கொள்வது இயற்கை, அது ரத்தத்தில் இருக்கு என்று இரண்டு பக்கத்திலும் சொல்வார்கள். அதே வாய்க்காலில், அதே சனம், தங்களுக்கே முடிவெடுக்க இடம் கிடைத்தபோது வேறு மாதிரி நடந்தார்கள்.

நமக்கு என்ன?

அமெரிக்காதான் எல்லாத்துக்கும் காரணம் என்று சொல்வது சுலபம். அமெரிக்கா கொண்டு வந்தது எல்லாம் முன்னேற்றம் என்பதும் சுலபம். டி.வி.ஏ. வரலாறு இரண்டையும் மறுக்கிறது. அங்கே கறுப்பின மக்கள் நோரிஸ் நகரத்துக்குள் நுழைய முடியாமல் போனதும், இங்கே உள்ளூர்க்காரர் பட்டியலில் கடைசியில் நின்றதும் தொழில்நுட்பத்தின் குற்றமில்லை. யாரை மக்கள் என்று எண்ணுவது என்பதை முன்பே தீர்மானித்துவிட்டு, பிறகு சீமெந்து குழைத்ததன் விளைவு. அமெரிக்காவில் அந்தத் தீர்மானத்தைக் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். ஹூஸ்டன் அணையை எதிர்க்கவில்லை, அணையின் பயனில் பங்கு கேட்டார். பின்னாளில் பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிப்பை உடைத்த 1954 தீர்ப்புக்கு வழி போட்டதும் அவர் நடத்திய வழக்குகள்தான்.

இன்றும் நம்ம பக்கத்தில் புதிய திட்டங்கள் வருகின்றன: மீன்பண்ணை, சூரிய மின்சாரம், மணல், மேய்ச்சல் தரை, சுற்றுலா. ஒவ்வொன்றுக்கும் அழகான படம் போட்ட பதாகை இருக்கும். பதாகையைப் பார்க்க முன்னம் பட்டியலைக் கேட்போம். ஆருக்குக் கிடைக்கிது, ஆர் எழும்பணும், முடிவெடுத்த கூட்டத்தில ஆர் இருந்த? தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வி இது. தலைப்பக்கத்தில் இருந்தாலும் கடைப்பக்கத்தில் இருந்தாலும் நமக்கு வாற தண்ணி ஒரே குளத்துத் தண்ணிதான்.

உங்க வீட்டில் 1950களில் கொலனிக்குப் போனவர்கள், 1956 இல் அங்கிருந்து திரும்பி வந்தவர்கள், அல்லது அந்த வாய்க்காலில் வட்டவிதானையாக இருந்தவர்கள் யாராவது இருந்தால், இப்போதே போய்க் கேட்டு எழுதி வையுங்க. டென்னசியில் எழும்பிப் போன குடும்பங்களின் கதையை அந்த ஊர்க்காரர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம்ம ஆட்களின் கதையை நாம்தான் பதிய வேண்டும்.